சேலத்து வானத்துக்கு எந்த மவுண்ட் வாங்கலாம்?

கம்ப்யூட்டர் வைத்த மவுண்ட் வாங்கலாமா, மோட்டார் மட்டும் உள்ளது போதுமா என்று தொலைநோக்கி வாங்கப்போகும் நண்பர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். மோட்டார் கட்டாயம் வேண்டும், கம்ப்யூட்டர் தேவையில்லை. சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் வானம் பார்ப்பவர்களுக்கு இதுதான் என் உறுதியான கருத்து.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: மவுண்ட் என்பது தொலைநோக்கிக் குழாயைத் தாங்கித் திருப்பும் பகுதி. கம்ப்யூட்டர் மவுண்டில் ரிமோட்டில் பெயரைத் தேர்ந்தெடுத்தால் குழாய் தானே திரும்பி அந்தப் பொருளைப் பிடிக்கும், பிறகு பின்தொடரும். மற்றொன்று ஈக்குவடோரியல் மவுண்ட். அதன் ஓர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருக்கும். பொருளை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் ஒரு சிறிய மோட்டார் அந்த அச்சை 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் திருப்பும்.

மோட்டார் ஏன் கட்டாயம் என்கிறேன்? பூமி சுழல்வதால் வானம் நிமிடத்துக்குக் கால் டிகிரி நகர்கிறது. 200 மடங்கு பெருக்கத்தில் சனியை வைத்தால், சாதாரண ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) அது ஒரு நிமிடத்தில் ஓரத்தைத் தாண்டிவிடும். மொட்டைமாடியில் தெருவே வரிசையில் நிற்கும்போது ஒரு நிமிடம் எதற்குப் போதும்? பாட்டி ஒருவர் முன்னால் வருவார். கண்ணாடியைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுப்பார். ஒரு கண்ணை மட்டும் மூட வராது, உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிவார். "ஒன்றும் தெரியவில்லையே சாமி" என்பார். அதற்குள் சனி போயிருக்கும். மோட்டார் ஓடினால் அவர் நிதானமாகக் கண்ணைப் பழக்கிக்கொண்டு வளையத்தைப் பார்த்துவிடுவார். இதற்கு ஒற்றை மோட்டாரும் பேட்டரியும் போதும்.

இனி நம் ஊர் விஷயம். சேலம் 11.65 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. மக நட்சத்திரம் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு நேர் மேலே கடக்கிறது. திருவாதிரை, ரோகிணி, திருவோணம் மூன்றும் உச்சியிலிருந்து ஐந்து டிகிரிக்குள் கடக்கின்றன. கோள்களும் பல ஆண்டுகளில் உச்சியை ஒட்டியே போகின்றன. விலை குறைந்த கம்ப்யூட்டர் மவுண்டுகள் பெரும்பாலும் இடவலமும் மேல்கீழுமாகத் திரும்புபவை. அவற்றுக்குத் தடுமாற்றமான இடமே உச்சிதான். அங்கே ஒரு பொருளைத் தொடர வேண்டுமானால் இடவல மோட்டார் திடீரென்று மிக வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். ஈக்குவடோரியலுக்கு அந்தத் தடுமாற்றம் துருவத்தின் அருகில். நமக்குத் துருவமோ வட அடிவானத்துக்குச் சற்றே மேலே, புழுதிக்குள் இருக்கிறது. லண்டன்காரருக்கு எழுதிய பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே வாங்குவது சரியல்ல என்று நான் சொல்வது இதனால்தான். கம்ப்யூட்டர் வைத்த ஈக்குவடோரியலும் கிடைக்கிறது. அதன் விலையைத் தாங்குபவர்கள் இந்தக் கேள்வியோடு வருவதில்லை.

துருவ நட்சத்திரத்தை வைத்து அச்சைச் சரிசெய்வது நமக்குச் சிரமம் என்பது உண்மை. அது 13 டிகிரி உயரம்கூட ஏறுவதில்லை, அடிவாரத்துப் பக்கம் மலையே மறைத்துவிடும். கண்ணால் பார்க்க மட்டும் என்றால் இது பெரிய தடையில்லை. காந்த ஊசிக்கும் உண்மை வடக்குக்கும் நம் பகுதியில் வேறுபாடு மிகக் குறைவு. திசைகாட்டியால் வடக்கைப் பிடித்து, கைபேசியின் சாய்வுமானியால் அச்சை 11.65 டிகிரியில் நிறுத்தினாலே சனி நீண்ட நேரம் ஐபீஸுக்குள் இருக்கும்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் இன்னொரு வேறுபாடு தெரியும். 1,500 மீட்டர் உயரத்தில் வானம் கருமையாக இருக்கிறது. ஆனால் மஞ்சு எப்போது ஏறும், எப்போது விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பகோடா பாயிண்ட் பக்கம் கிழக்கில் மட்டும் வானம் திறந்திருக்கும், மற்ற மூன்று புறமும் வெள்ளையாக இருக்கும். பல கம்ப்யூட்டர் மவுண்டுகளுக்குத் தேதி, நேரம், இடம் எல்லாம் கொடுத்தபின், ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு விண்மீன்களையாவது காட்டினால்தான் வேலை தொடங்கும். இரண்டாவது விண்மீன் மஞ்சில் மறைந்தால் காத்திருக்க வேண்டியதுதான். கையால் திருப்புபவர் திறந்த இடைவெளிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த இடைவெளிக்கு நகர்ந்துவிடுவார்.

கையால் தேடுவது கஷ்டம் என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். சித்திரை, வைகாசி இரவுகளில் சித்திரை நட்சத்திரம் தெற்கு உச்சியில் உயர நிற்கும்போது குழாயை அதன் மேல் வையுங்கள். கிழக்கு மேற்காகத் திரும்பும் அச்சைப் பூட்டிவிடுங்கள். மற்ற அச்சில் மட்டும் 36 டிகிரி தெற்கே இறக்குங்கள். குறைந்த பெருக்க ஐபீஸில் கொஞ்சம் அசைத்தால் ஒமேகா சென்டாரி வந்து நிற்கும். லட்சக்கணக்கான விண்மீன்கள் திரண்ட கொத்து அது. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கு 31 டிகிரி உயரம் ஏறுகிறது. சித்திரா பௌர்ணமியன்று நிலவு சித்திரை நட்சத்திரத்தின் அருகிலேயே நிற்கும் என்பதால் அமாவாசையை ஒட்டிய இரவாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு குழந்தை இதைத் தன் கையால் பிடித்துப் பார்க்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

பணக் கணக்கும் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குப் போகும் தொகை குழாயின் விட்டத்தில் குறைகிறது. 130 மி.மீ. கண்ணாடி, 90 மி.மீ. லென்ஸைவிட இரண்டு மடங்கு ஒளியைச் சேர்க்கும். பழுது வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ரிமோட் செத்துப்போய், நல்ல தொலைநோக்கி பீரோவுக்குள் கிடக்கிறது. மோட்டார் மட்டும் உள்ள மவுண்டில் மோட்டார் நின்றாலும் கைத்திருகு இருக்கிறது.

நகர விளக்கு வெளிச்சம் மிகுந்த ஐந்து ரோடு பக்கம் குடியிருப்பவர்கள் வழிகாட்டும் விண்மீன்களே தெரியவில்லை, கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படித் தேடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் மங்கலான அண்டங்களை நோக்கிக் குழாய் சரியாகத் திரும்பினாலும் ஐபீஸில் சாம்பல் நிறம்தான் தெரியும். நகரத்தில் நன்றாகத் தெரியும் நிலவுக்கும் கோள்களுக்கும் வழிகாட்டி தேவையில்லை. கழுத்து வலியுள்ள பெரியவர்களுக்கும், ஒரு மணி நேரத்தில் ஒரு வகுப்புக்கே பத்துப் பொருள்களைக் காட்ட வேண்டிய ஆசிரியருக்கும் கம்ப்யூட்டர் மவுண்ட் நல்லது என்று நானே சொல்வேன்.

ஈக்குவடோரியல் என்று முடிவு செய்தால், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே அச்சை 11 டிகிரிக்கு இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். சில மவுண்டுகள் அவ்வளவு தாழாது. தாழ்ந்தாலும் குழாயின் எடையைச் சமன்செய்யும் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். தண்டை முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.