திமிங்கிலத்தை எண்ணச் சம்பளம் கொடுத்தவர்கள்

சூழலியல் ஆய்வறிக்கைகளில் 'பழங்குடி மக்களின் பங்கேற்புடன்' என்ற தொடர் இப்போது ஏறக்குறைய கட்டாயமாகிவிட்டது. அதைக் கண்டதும், அந்த மக்கள் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறார்களா, நன்றியுரையில் இருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் நன்றியுரையில்தான், அதுவும் 'உள்ளூர் வழிகாட்டிகள்' என்ற பொதுப்பெயரில். மரபறிவை மதிக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மறுப்பில்லை. ஆய்வின் கேள்வியை யார் தீர்மானிக்கிறார்கள், பணம் யார் கையில் இருக்கிறது என்று கேட்கும்போதுதான் பேச்சு தடுமாறுகிறது.

அலாஸ்காவின் இனுபியாக் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிவந்த போஹெட் திமிங்கிலத்தை இனித் தொடக் கூடாது என்று சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1977-இல் முடிவெடுத்தது. மிஞ்சியிருப்பவை அதிகம் போனால் 2,000 என்பது அன்றைய கணிப்பு. பனிவிளிம்பில் நின்றுகொண்டு, திறந்த நீர்ப்பாதையில் கடந்துபோகும் திமிங்கிலங்களைக் கண்ணால் எண்ணுவதே அப்போதைய முறை. வேட்டைத் தலைவர்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. நீர்ப்பாதை மூடிக்கொண்டாலும் திமிங்கிலம் பனிக்கடியில் நீந்திப் போகும், தலையால் முட்டிப் பனியைப் பிளந்து மூச்சுவிடும், கண்ணுக்கெட்டாத தொலைவிலும் கூட்டம் நகரும் என்றார்கள். 1980-களில் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கியபோது, பார்வையில் படாதவற்றின் குரல்கள் அவற்றில் பதிவாயின. 1993-இல் மதிப்பீடு 8,000 அளவுக்கு உயர்ந்தது. (இடையில் கூட்டமும் பெருகியது, வேறுபாடு முழுவதையும் எண்ணும் முறையின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.)

இதை மரபறிவின் வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். வேட்டைத் தலைவர்களின் பேச்சு எடுபட்டதற்கு, அவர்கள் சொன்னது சரியாக இருந்தது மட்டுமே காரணமல்ல என்பது என் எண்ணம். 1972-இல் உருவான நார்த் ஸ்லோப் பரோ என்ற அவர்களுடைய உள்ளாட்சி அமைப்புக்கு, புரூடோ பே எண்ணெய் வயல்களிலிருந்து சொத்துவரி வந்துகொண்டிருந்தது. தடை வந்த ஆண்டிலேயே வேட்டைத் தலைவர்கள் தங்களுக்கென ஓர் ஆணையத்தை அமைத்துக்கொண்டார்கள். உள்ளாட்சி அமைப்பு தன் செலவில் விஞ்ஞானிகளை அமர்த்தியது. எதைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் இடத்துக்கு இனுபியாக் மக்கள் வந்தது அப்படித்தான். அந்த இடத்தை வாங்கித் தந்தது எண்ணெய்க் காசு என்பது சூழலியல் பேசும் நமக்குக் கொஞ்சம் சங்கடமான செய்தி.

எண்ணெய்க் காசு இல்லாதவர்களின் கதை வேறு. 1987-இல் அகத்தியர் மலைக்குப் போன ஆய்வுக்குழுவினர் நடந்து களைத்திருந்தபோது, உடன் வந்த காணி என்ற பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டிகள் ஏதோ ஒரு காயை மென்றபடி களைப்பின்றி நடப்பதைக் கவனித்தார்கள். அது என்ன என்று கேட்டதற்கு அவர்கள் முதலில் சொல்லத் தயங்கினார்கள். பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்தின் தயாரிப்பு உரிமையைத் திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் ஒரு மருந்து நிறுவனத்துக்கு வழங்கியது. வருவாயில் பாதி காணி மக்களுக்கு என்பதும் அந்த ஆய்வு நிறுவனத்தின் முடிவே. உலக அளவில் பாராட்டப்பட்ட பங்கீடு இது. பாராட்டில் நியாயமும் உண்டு. ஆனால் ஒப்பந்தம் போட்ட இரு தரப்பில் காணி மக்கள் இல்லை. பணத்தைப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானதே 1997-இல்தான். இந்த அறிவை விற்கவே கூடாது என்று எதிர்த்த காணி வைத்தியர்களும் இருந்தார்கள்.

சட்டங்கள் பின்னால் வந்து சேர்ந்தன. உயிரியல் வளங்களின் பயனைப் பகிர்வது பற்றிய சர்வதேச ஒப்பந்தமான, 2010-இல் நிறைவேறிய நகோயா நெறிமுறை, மரபறிவைப் பயன்படுத்தும் முன் அந்தச் சமூகத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கூடவே 'உள்நாட்டுச் சட்டத்துக்கு இணங்க' என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஒப்புதலை எப்படிக் கேட்பது, எதை ஒப்புதலாகக் கொள்வது என்பதெல்லாம் அந்தச் சொற்கள் வழியாக அரசின் கைக்குப் போய்விடுகின்றன.

வழிகாட்டிகள் முதலில் காட்டிய அந்தத் தயக்கம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்துவிடும் ஆய்வுக்குழுவுக்கு, இன்றைக்கும் எந்த நிதி நல்கை விண்ணப்பத்தில் இடமிருக்கிறது?