குருத்தெலும்பு ஆக்சிஜன் பசியால் தேய்வதில்லை

"ஆக்சிஜன் போதாமல்தான் மூட்டுக் குருத்தெலும்பு தேய்கிறது, ஆக்சிஜன் சிகிச்சை எடுத்தால் வளர்ந்துவிடும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தவறு. குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்; குருத்தெலும்பின் ஆழத்துச் செல்களுக்கு எட்டுவது ஓரிரு சதவீத அளவுதான். அவை அதற்கென்றே அமைந்தவை. ஆக்சிஜனை அதிகம் நம்பாமல் குளுக்கோஸைச் சிதைத்தே ஆற்றல் பெறுகின்றன. ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் இந்தக் குறைவிலும் அவற்றைக் காக்கிறது. எலிகளின் வளர்ச்சித் தட்டில் (எலும்பு நீளக் காரணமான குருத்தெலும்புப் பகுதி) அதை நீக்கியதும் உட்புறச் செல்கள் மடிந்ததை 2001-இலேயே காட்டிவிட்டார்கள். மாறாக, அதன் உறவான ஹிஃப்-2 ஆல்ஃபா, அழற்சியால் தூண்டப்பட்டு, குருத்தெலும்பைத் தாங்கும் கொலாஜன் புரதத்தை அரிக்கும் நொதிகளைப் பெருக்குகிறது. முடக்குவாதத்தில் வீங்கிய மூட்டுச் சவ்வில் ஆக்சிஜன் குறைவது உண்மைதான். அங்கும் வேர் நோயெதிர்ப்புக் கோளாறு. ஆக்சிஜன் சிகிச்சையை நம்பி மருந்தையும் தொடைத் தசைப் பயிற்சியையும் தயவுசெய்து யாரும் நிறுத்திவிடாதீர்கள்.