அழுகைக்கும் ஆதாரம் கேட்கலாம்

"உணர்ச்சிவசப்படாதீங்க, டேட்டா இருந்தா பேசுங்க" என்று அரசியல் விவாதத்தில் யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பெரும்பாலும் அவருக்கும் ஒரு கோபமோ பயமோ இருக்கும். அதை எக்செல் ஷீட்டுக்குள் ஒளித்து வைத்திருப்பார், அவ்வளவுதான்.

இவர்கள் தவறாமல் எடுத்து வீசும் உதாரணம் ஒன்று உண்டு. 1990 அக்டோபரில் 15 வயதுக் குவைத் பெண் ஒருத்தி, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு முன்னால் அழுதுகொண்டே பேசினாள். இன்குபேட்டரில் இருந்த பச்சிளம் குழந்தைகளை ஈராக் சிப்பாய்கள் தூக்கித் தரையில் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றாள். குவைத்தைப் பிடித்து வைத்திருந்த ஈராக்மேல் அமெரிக்கா போர் தொடுக்க ஆதரவு திரட்ட அது நன்றாகவே உதவியது. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது போரெல்லாம் முடிந்து 1992-இல்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்தது ஒரு பெரிய பிஆர் (மக்கள் தொடர்பு) நிறுவனம்.

தப்பு அழுகையிலா? என்னைக் கேட்டால், இல்லை. குடும்பப் பெயரை மறைத்தார்கள். அதிகாரபூர்வ கமிட்டி இல்லை என்பதால் சத்தியப் பிரமாணமும் கிடையாது. யாரும் நோண்டிப் பார்க்க வழியில்லாமல் செய்துவிட்டு அழவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிராக 'புரூக்ஸ்' என்ற அடிமைக் கப்பலின் படத்தைப் பாருங்கள். 1788-89-இல் இங்கிலாந்தின் அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் அச்சடித்து ஊரெல்லாம் பரப்பியது. அதில் கண்ணீர் இல்லை, வசனம் இல்லை. வெறும் கப்பல் வரைபடம், உள்ளே வரிசையாக அடுக்கிய மனித உருவங்கள், கூடவே அளவுகள். ஆணுக்கு 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். சிறுமிக்கு அகலம் ஒரே ஒரு அடி. கப்பலை அளந்தவரும் இயக்கத்துக்காரர் அல்ல, அரசாங்கமே அனுப்பிய கடற்படை கேப்டன். சட்டம் அனுமதித்த 454 பேரை அடுக்கினாலே இந்தக் கதி. அதற்கு முன்பு 609 பேர் வரை ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஒரு அடியைப் படித்துவிட்டு யாராவது "உணர்ச்சியைத் தூண்டாதே" என்று சொல்வார்களா? சொல்லியிருப்பார்கள், கப்பல் முதலாளிகள்.

இன்னொரு பக்கம், 1988 அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாக்கிஸ். "உங்கள் மனைவியைக் கற்பழித்துக் கொன்றால், கொன்றவனுக்கு மரண தண்டனை கேட்பீர்களா?" என்று கேட்டார்கள். மட்டமான கேள்விதான். மரண தண்டனையால் குற்றம் குறைவதற்கு ஆதாரம் இல்லை என்று நிதானமாகப் பதில் சொன்னார். வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை, அதைத்தான் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆகவே மேடையில் யாராவது கண் கலங்கினால் நானும் கலங்குவேன். அப்புறம் எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று கேட்பேன். பதிலுக்கு "உனக்கு மனசாட்சியே இல்லையா?" என்று வந்தால் எழுந்து போய்விடுவேன்.