இன்சூரன்ஸ் இல்லை என்றால் கேஸ் இல்லை என்று யார் சொன்னது?

மூன்று நாளாக இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. என்ன நடந்தது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை, ஒரு கார் ஒரு பெண்ணை இடித்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதன் கீழே வந்த கமெண்ட்டுகள். "காருக்கு இன்சூரன்ஸே இல்லையாம், கேஸ் போட்டு என்ன ஆகப் போகுது, கொடுக்கறதை வாங்கிட்டு முடிச்சுக்கச் சொல்லுங்க." நான் மதிக்கிற சிலரும் இதற்கு லைக் போட்டிருக்கிறீர்கள்.

இன்சூரன்ஸ் இல்லை என்றால் இழப்பீடு கிடையாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கம்பெனி கட்ட வேண்டியதை வண்டியின் சொந்தக்காரரும் ஓட்டியவரும் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 166ஆவது பிரிவு. அதில் மனுப் போட, இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதும் இல்லை. அடிபட்டவர் குடியிருக்கும் பகுதிக்கான, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

இது எனக்கு எப்படித் தெரியும்? நான் வக்கீல் இல்லை. 2017ல் என் அண்ணனை ஒரு கார் இடித்தது. அதற்கும் இன்சூரன்ஸ் இல்லை. மூன்றாம் நாள், அண்ணன் மருந்து மயக்கத்தில் இருக்கும்போதே, காரை வைத்திருந்தவர் இரண்டு பேருடன் வார்டுக்கு வந்தார். கையில் ஒரு கவர், எழுதித் தயாராக இருந்த ஒரு காகிதம். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அதில் இருந்தது. அண்ணனின் வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கட்டைவிரலைப் பிடித்து மைப் பெட்டியில் அழுத்தி உருட்டினார்கள். அந்த நீல மை நகக்கண்ணிலிருந்து போகவே இல்லை. அண்ணி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். 'கேஸ் போட்டா ஒண்ணும் கிடைக்காது' என்று பெரியவர்கள் சொன்னதை நானும் நம்பினேன்.

அந்தக் கவரில் இருந்த பணம் முதல் ஆபரேஷனுக்கே போதவில்லை. எட்டு மாதம் கழித்துக் காலில் வைத்த தகட்டை எடுத்து மறுபடி வைக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் வக்கீலிடம் போனோம். அப்புறம்தான் தெரிந்தது, ஆர்.சி. புத்தகத்தில் வேறு ஒருவர் பெயர் இருக்கிறது. அவர் காரை எப்போதோ விற்றுவிட்டார், பெயர் மாற்றவில்லை. "வித்த வண்டிக்கு நான் எதுக்குக் கட்டணும்?" என்று கேட்டார். ஆனால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் இருப்பவர்கள் இங்கேயும் பல பேர் இருப்பீர்கள். இந்த வாரமே போய் மாற்றிவிடுங்கள்.

அந்தக் கட்டைவிரல் ரேகைக் காகிதத்தையும் கொண்டுவந்து காட்டினார்கள். கொடுத்த தொகையைக் கழித்துக்கொண்டு மீதிக்குத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது.

வீடியோவைப் பார்த்துவிட்டு, "அந்தக் கார்க்காரரும் நடுத்தரக் குடும்பம்தானே, பாவமில்லையா?" என்று கேட்பீர்கள், கேட்டும் இருக்கிறீர்கள். பாவம்தான். ஆனால் வண்டியைச் சாலையில் இறக்கத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடிபடும் மற்றவர்களுக்கானது) கட்டாயம் என்பது அவருக்குத் தெரியாதா? அது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ. எவ்வளவு சின்ன அபராதம்! அதனால்தான் 'பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அலட்சியத்தின் விலையை ஏன் அடிபட்டவர் கட்ட வேண்டும்? அவர் குடும்பம் நடுத்தரம் இல்லையா?

"மறந்திருப்பார்" என்றார் ஒருவர். அதற்குப் பதில் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

"கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும்" என்பது மட்டும் உண்மை. எங்களுக்கு நான்கு வருடம் ஆனது. வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அந்த பெஞ்சில் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உத்தரவு வந்த பிறகும் பணம் தானாக வரவில்லை. கட்டாவிட்டால் நில வருவாய்ப் பாக்கியைப் போல ஆட்சியர் மூலம் வசூலிக்க 174ஆவது பிரிவு இருக்கிறது, அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. தவணை தவணையாக வந்தது. ஆனாலும் வந்தது. உங்கள் கவரில் வந்ததைவிட மிக அதிகமாகவே வந்தது.

உங்கள் கவர் என்று எழுதிவிட்டேன். அழிக்கவில்லை. அன்று வார்டில் எங்களிடம் "விட்டுடுங்க" என்று சொன்னவர்களும் நல்லவர்கள்தான், உங்களைப் போலவே. அண்ணன் கால் தாங்கி நடக்க ஆரம்பித்த பிறகு அவர்களில் ஒருவர்கூட எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. கேஸ் போட்டதும் 'காசு ஆசை' என்று மட்டும் பேசினார்கள். அண்ணிக்கு அது இன்னும் ஆறவில்லை.

அடிபட்ட அந்தப் பெண்ணின் குடும்பத்தை அறிந்தவர்கள் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியும். அவர்களிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் வைத்து எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை ரசீது ஒன்று விடாமல் எடுத்து வையுங்கள். மனுவுக்கு ஆறு மாதக் கெடு என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம். காரை அவசரப்பட்டு விடுவிக்கக் கூடாது என்று வக்கீல் மூலம் கேளுங்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவரைக் காயப்படுத்தினால், சொந்தக்காரர் இழப்பீட்டுக்குப் போதிய பிணை கட்டாமல் அதைத் திருப்பித் தரக் கூடாது, கட்டாவிட்டால் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்பதும் 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். எங்களுக்கு அப்போது இது தெரியாது.

அவர்களுடைய நம்பரை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். அண்ணன் தானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.