எலிசபெத்தை ஏன் விட்டுவிடுகிறோம்?

அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் பற்றி யார் எழுதினாலும் ஒரே கதைதான். திமிங்கில வேட்டைக் கப்பலில் போனார், 'மோபி டிக்' எழுதினார், யாரும் கண்டுகொள்ளவில்லை, செத்த பிறகு கொண்டாடினார்கள். அப்புறம் சக எழுத்தாளர் நத்தானியல் ஹாதோர்னோடு இருந்த நட்பு பற்றி நாலு பத்தி. மனைவி எலிசபெத் ஷா ஒரு வரியில் வந்து போய்விடுவார். எனக்கு இது ரொம்ப நாள் மனக்குறை.

ஹாதோர்ன் நட்பு பெரியதுதான், மறுக்கவில்லை. 1850 ஆகஸ்டில் சந்தித்தார்கள், அடுத்த வருடம் வந்த 'மோபி டிக்' அவருக்கே சமர்ப்பணம். ஆனால் அந்த நாவல் எழுதப்பட்ட வீட்டையும் கொஞ்சம் பாருங்கள். பிட்ஸ்ஃபீல்டில் ஒரு பண்ணை வீடு, அதை வாங்கப் பணம் தந்து உதவியவர் மாமனார். அந்தக் குளிர்காலத்தில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் மெல்வில் தன் நாளைச் சொல்கிறார். எட்டு மணிக்கு எழுந்து தொழுவத்துக்குப் போவார். குதிரைக்குத் தீனி வைப்பார். பசுவுக்குப் பூசணிக்காயை நறுக்கிப் போட்டு, அது சாதுவாக மென்று தின்பதை நின்று பார்ப்பார். பிறகு அறைக்குள் போய் எழுத்து. மதியம் இரண்டரைக்குக் கதவைத் தட்ட வேண்டும், அவர் எழுந்திருக்கும்வரை விடாமல் தட்ட வேண்டும் என்று முன்னேற்பாடு.

அழகான கடிதம். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களை நினைக்காமல் என்னால் அதைப் படிக்க முடிவதில்லை. இரண்டு வயதுகூட நிரம்பாத பையன், மாமியார், நாத்தனார்கள் என்று நிறைந்த வீடு. அவர் கையெழுத்தைப் புரிந்துகொண்டு அச்சுக்கு நகலெடுத்துக் கொடுத்ததும் இந்த வீட்டுப் பெண்கள்தான்.

1852இல் 'பியர்' நாவல் படுதோல்வி. 1866இல் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரி வேலை, நாளுக்கு 4 டாலர். 19 வருடம் அதையே பார்த்தார். வீட்டில் நிம்மதி இல்லை. 1867இல் எலிசபெத்தைக் கணவரிடமிருந்து பிரித்துக் கூட்டிப் போய்விடலாம் என்று அவர் தம்பியும் தேவாலயப் பாதிரியாரும் கடிதம் எழுதிக்கொள்ளும் அளவுக்கு நிலைமை முற்றியது. அவர் போகவில்லை. அதே வருடம் செப்டம்பரில் மூத்த மகன் மால்கம், 18 வயது, பூட்டிய அறைக்குள் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தான்.

மேதைகள் அப்படித்தான் இருப்பார்கள், வீட்டில் உள்ளவர்கள்தான் பொறுத்துப் போக வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. பொறுத்துப் போனதற்கும் ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர் எலிசபெத். பின்னாளில் தன் பக்கத்துச் சொத்து வந்தபோது, கணவர் புத்தகம் வாங்க மாதம் 25 டாலர் ஒதுக்கித் தந்தவரும் அவரே.

1891இல் மெல்வில் இறந்தபோது அவருடைய கடைசிக் குறுநாவல் 'பில்லி பட்' அடித்தலும் திருத்தலுமாக முடியாமல் கிடந்தது. எலிசபெத் அந்தத் தாள்களை அடுக்கி, பென்சிலால் குறிப்பு எழுதி, 1906இல் தான் சாகும்வரை காப்பாற்றினார். பேத்தி வழியாக வெளியே வந்து 1924இல் அச்சானது. முதலில் பதிப்பித்தவர்கள் எலிசபெத்தின் கையெழுத்தை மெல்வில் கையெழுத்து என்றே நினைத்துவிட்டார்கள். இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்த்த பதிப்பு 1962இல்தான் வந்தது.