பிபிபி பிளஸ் டூவுக்குச் சமம் அல்ல

"பத்தாவது, பிளஸ் டூ எதுவும் வேண்டாம், இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆறு மாத பிபிபி முடித்துவிட்டு டிகிரி படித்தால் அரசு வேலைக்கும் செல்லும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். டிகிரி படிக்கலாம் என்ற முதல் பாதி சரி. அரசு வேலைக்குச் செல்லும் என்ற பின்பாதியை நம்பி யாரும் மூன்று வருடத்தைத் தொலைத்துவிடக் கூடாது.

பிபிபி (Bachelor Preparatory Programme) என்பது 18 வயது நிறைந்தவர்களுக்கு இக்னோ தரும் ஆயத்தப் படிப்பு. இக்னோவிலேயே இளங்கலை சேர அது வழிவிடும், அவ்வளவுதான். பிளஸ் டூவுக்கு இணை என்று இக்னோவே சொல்வதில்லை.

தமிழக அரசின் 2009 ஆகஸ்ட் 18 தேதியிட்ட அரசாணை எண் 107, பத்தாவதும் பிளஸ் டூவும் முடித்தபின் திறந்தநிலையில் பெற்ற பட்டத்தைத்தான் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கிறது. வரிசை முக்கியம். டிகிரி வாங்கிவிட்டுப் பிறகு பிளஸ் டூ எழுதினால், சான்றிதழ் சரிபார்ப்பில் தேதிகளைப் பார்த்ததுமே சிக்கல் வரும்.

குரூப் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் முதலில் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதுங்கள். அதில் பலர் தடுக்குவது அறிவியலில்: எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே, தனியாகப் பதிய வேண்டும். தேர்வு விண்ணப்பத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த முறை போச்சு. அடுத்து பிளஸ் டூ, அதன்பின் டிகிரி.

படிக்கும் ஆசைக்காகச் சேருபவர்களுக்கு பிபிபி நல்ல வாசல், தயங்காமல் சேருங்கள்.