விலை மட்டும் வித்தியாசம் இல்லை

"டிஸ்னி வெக்கேஷன் கிளப் புள்ளிகளை யாரிடம் வாங்கினாலும் ஒன்றுதான், மறுவிற்பனையில் விலை மட்டும் குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிளப், புள்ளிகளை வாங்கி வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் டிஸ்னி விடுதிகளில் தங்கும் உறுப்பினர் திட்டம். மறுவிற்பனை என்றால் டிஸ்னியிடம் நேரடியாக வாங்காமல் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரிடம் வாங்குவது. விலை குறைவு என்பது சரி. மற்றது சரியில்லை. 2019 ஜனவரி 19 முதல், பழைய 14 விடுதிகளில் ஒன்றின் புள்ளிகளை மறுவிற்பனையில் வாங்கினால், அந்தப் புள்ளிகள் அந்த 14-இல் மட்டுமே செல்லும். புளோரிடாவின் ரிவியெரா விடுதியில் செல்லாது. ரிவியெராவின் புள்ளிகளையே மறுவிற்பனையில் வாங்கினால் இன்னும் மோசம், அங்கே மட்டும்தான் தங்கலாம்.

அதற்காக, நேரடியாக வாங்கியவருக்குத்தான் முதலில் அறை என்று விற்பனையாளர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். சொந்த விடுதியில், அதாவது எந்த விடுதியின் புள்ளிகளை வாங்கினோமோ அங்கே, 11 மாதம் முன்பே பதிவு செய்யும் உரிமை இருவருக்கும் உண்டு. ஒரே விடுதி என்றால் புள்ளிக்கான ஆண்டுக் கட்டணமும் ஒன்றுதான்.

மலிவாக இருக்கிறதே என்று பாய்வதற்கு முன் ஒப்பந்தம் முடியும் ஆண்டைப் பாருங்கள். போர்ட்வாக், பீச் கிளப் ஆகிய இரண்டு விடுதிகளின் ஒப்பந்தங்களும் 2042 ஜனவரியோடு முடிகின்றன. மலிவுக்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம், அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்துவிட்டோம் என்று குதிக்க முடியாது. அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளும் முதல் உரிமை டிஸ்னிக்கு இருக்கிறது.